நடுவில் நிற்கும் கிளை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இலங்கை மலையகத்து லிந்துலையில் போன் கடை வைத்திருக்கும் ஹிஷாம், கம்பி இழுக்காமல் மலைக்கு மலை டிஷ் மாட்டித் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு இணையம் கொடுக்கிறான். நானோ ஒரு பத்தியை அடுத்த பத்தியோடு இணைக்க முடியாமல் கிடக்கிறேன்.

(முதலில் எழுதியது: "பனி போர்த்திய பச்சை மலைகளின் மடியில்..." அந்தப் பனியில் கொழுந்து பறிப்பவர்கள் சிரிப்பார்கள். அடித்துவிட்டேன்.)

2

ஹிஷாம் கெட்டிக்காரன். அதில் அவனுக்கும் சந்தேகமில்லை. மேட்டில் கம்பம் நட இடம் கேட்டபோது, முதல் இணைப்பு தன் பங்களாவுக்கு என்றார் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை. கொடுத்தான். திறந்துவைக்க வந்த பிரமுகர் டிஷ்ஷைவிடப் பெரிய பெயர்ப்பலகையோடு வந்தார். அதையும் மாட்டினான். ஆனால் டிஷ்ஷும் டிஷ்ஷும் நேருக்கு நேர் பார்க்கின்றனவா என்று அவன் சோதித்தது, நிழல்மரங்களை மொட்டையடித்திருந்த மாதத்தில். மரம் மறுபடி தழைக்கும் என்பது அந்த டவுன்காரனுக்குத் தோன்றவே இல்லை. இப்போது மேட்டு டிஷ்ஷுக்கும் லயத்து டிஷ்ஷுக்கும் சரியாக நடுவில் ஒரு கிளை நிற்கிறது. பங்களாவுக்கு இணையம் பாய்கிறது, லயத்துக்கு இல்லை.

3

லயத்தில் லோஜினி. கொழும்புத் துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்கி வந்தவள். நாளைக் காலை இணையத்தில் நேர்முகத்தேர்வு. கிடைத்தால் வீட்டிலிருந்தே வேலை, இல்லையென்றால் மறுபடி துணிக்கடை. ஹிஷாமின் கடைக்கு வந்து பேசலாமே என்பீர்கள். வீட்டில் இணைப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்களாம்.

(இவளைக் கொஞ்சம் அழவைத்தால்... வேண்டாம், என்னைத்தான் திட்டுவாள்.)

4

ஹிஷாம் கத்தியோடு மரத்தடிக்கு வந்தான். அந்த மலைக்குக் காவல் வீரய்யா, லோஜினியின் அப்பா. மரம் கம்பனியுடையது. கிளை போனால் காவல்காரரின் வேலையும் போகும்.

"தொரைகிட்ட கேட்டீங்களா தம்பி?"

"கேட்டேண்ணே. பங்களாவுல நல்லாத்தானே வேல செய்யுதுங்கிறாரு."

"கம்பத்த நவுத்த ஏலாதா?"

"அதுக்கும் அவருதான் சொல்லணும்."

வீரய்யா கிளையைப் பார்த்தார். "சரி, நான் அந்தப் பக்கம் ஒரு சுத்து போயிட்டு வாறேன்."

5

முடிவுகள். துரை மனமிரங்கி... (தோட்டத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.) காற்றடித்துக் கிளை... (காற்றுக்கு வேலை போகாது, வசதிதான். ஆனால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

ஹிஷாம் ஏறிவிட்டான். கத்தியை ஓங்கியபடி என்னைப் பார்க்கிறான். வெட்டு என்று எழுதினால் அப்பாவின் வேலை, இறங்கு என்று எழுதினால் மகளின் வேலை. எதுவானாலும் எனக்கு நட்டமில்லை. அதனாலேயே என் பேனா அசைய மறுக்கிறது. நீங்களே எழுதுங்கள்.

அவசரப்பட வேண்டாம். வீரய்யா எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார்.