மூன்று போத்தல் கலிபோர்னியா

இலங்கை மலையகத்தில், தலவாக்கலையில் ஷெரோமியின் வீட்டுக்கு, அவளுக்கு நிச்சயித்திருந்த ஜூட்சன் வந்தது கல்யாணத் தேதி பேச. கையில் பழத்தட்டு இல்லை. பையில் ஜீன்ஸ் துணியால் சுற்றிய மூன்று அமெரிக்க சிவப்பு வைன் போத்தல்கள் இருந்தன. கலிபோர்னியாவில் ஒரு சூப்பர்மார்க்கெட் கிடங்கில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறவர். போத்தல்களை அடுக்கி அடுக்கியே வைன் ஞானம் அடைந்திருந்தார்.

"கேக் வெட்டுறப்ப எத ஊத்துறதுன்னு இன்னைக்கே ருசி பாத்து முடிவு பண்ணிடுவோம். எல்லாமே வெல கொறஞ்சதுதான். ஆனா குடிச்சா தெரியாது," என்றார்.

சிவப்பு வைனை அறைச் சூட்டில்தான் குடிக்க வேண்டுமாம். அன்றைய மழையில் அறை, பிரிட்ஜைவிடக் குளிராக இருந்தது. ஷெரோமியின் அம்மா அந்தோனியம்மா, கணவர் சிறிலின் ஸ்வெட்டரைக் கழற்றி வாங்கி, அதில் போத்தல்களைச் சுற்றி அடுப்படியில் வைத்துச் சூடேற்றினார். வைன் கதகதப்பாக வந்து சேர்ந்தது. சிறில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் சின்ஃபண்டெல் என்ற வகை. ஜூட்சன் கிளாசைச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்து, கேட்டு வாங்கிய பேசினில் துப்பினார்.

"புடிக்கலையா தம்பி?" அந்தோனியம்மா பதறிப்போனார்.

"இதுதான் முறை, ஆன்ட்டி."

ஷெரோமி விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கவனமாக மோந்து குடித்து, "நாவப்பழ வாசம் வருதுங்க," என்றாள்.

"இல்ல. பிளாக்பெரி."

"நீங்க சாப்ட்டிருக்கீங்களா?"

"இல்ல. போத்தல்லயே எழுதியிருக்கே."

அடுத்தது மெர்லோ. ஷெரோமிக்கு அது மெத்தென்று இறங்கியது. சொன்னாள். அதில் ஆழம் இல்லை என்று ஜூட்சன் வருத்தத்தோடு அறிவித்தார். கடைசியாக கேபர்னே. அவள் முகம் சுளித்தாள்.

"ரொம்ப நேரம் ஊறின தேத்தண்ணி மாதிரி கசக்குது."

"அது டானின்."

"தேத்தண்ணியிலயும் டானின் இருக்குதுங்க."

"இது வேற. இது அமெரிக்கன்."

எது பிடித்தது என்று கேட்டார். மெர்லோ என்றாள்.

"புதுசா குடிக்கிறவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. உங்களுக்கு கேபர்னேதான் புடிக்கணும். பழக்கிடலாம்."

"எவ்வளவு காலம் ஆகும்ங்க?"

ஜூட்சன் உண்மையாகவே யோசித்தார். "ரெண்டு மூணு வருசம்."

கல்யாணத்துக்கு கேபர்னே என்று அவரே முடிவு செய்துவிட்டு தன் ஊரான உடப்புசல்லாவைக்கு வேன் ஏறினார். தேதியைப் பற்றி யாரும் பேசவில்லை.

வேன் வளைவில் மறைந்ததும் ஷெரோமி, "எனக்கு வேணாம்மா," என்றாள்.

"பையன் குடிகாரன்கூட இல்லடி. வாய்ல ஊத்துனதையே துப்புறான். இதுக்கு மேல என்ன வேணும்?"

"என் நாக்க என்கிட்டயே விடுற ஆளா வேணும்."

அவளே ஜூட்சனுக்குப் போன் செய்து சொன்னாள். ஜூட்சன் பெருமூச்சு விட்டார்.

"சரி. ஆனா போத்தல தெறந்தாச்சு. சீக்கிரம் குடிச்சிடுங்க, புளிச்சிடும்."

அந்தோனியம்மா ஒரு மூச்சு அழுது முடித்துவிட்டு மிக்சர் கொண்டு வந்தார். மூவரும் மெர்லோவை ஊற்றிக்கொண்டார்கள். சிறில் தன் கிளாசில் ஒரு கரண்டி சீனி போட்டுக் கலக்கிக் குடித்துப் பார்த்து, இன்னொரு கரண்டி போட்டார். ஷெரோமி சீனிப் போத்தலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.