ஃப்ரீசர் அறையில் நலம் விசாரிப்பு

மனிதகுலம் பயத்திலிருந்து விடுதலை பெற்றது ஒரு சாதாரண வேலைநாளில், ஆய்வுக்கூடத்து கேன்டீனில். அதை அறிவித்தவன் தடுப்பூசிச் சோதனையின் புள்ளியியலாளன். கூட வேலை செய்பவர்கள் அவனைச் 'சராசரி' என்று கூப்பிடுவார்கள். அவனும் அதை ஒரு பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தான்.

"பயம்ங்கிறது கணக்குத் தெரியாதவங்களுக்கு வர்ற வியாதி. இனிமே யாரும் பயப்பட வேண்டியதில்ல. என் கிராஃப்ல இறங்குற கோட்டைப் பாத்தாப் போதும்."

எதிரே டீயை ஊதிக்கொண்டிருந்த ஃப்ரீசர் அக்கா, "சரி தம்பி, அந்தக் கோட்டுல நான் எங்க இருக்கேன்?" என்றாள். ரத்த மாதிரிகளைப் பாதுகாப்பது அவள் வேலை.

"கோடு கூட்டத்துக்குத்தான்க்கா. தனி ஆளு வெறும் புள்ளி."

ஊசி போட்டுக்கொண்ட ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தம் ஆளுக்கொரு டியூபாக உறைந்து கிடந்தது. அத்தனையையும் அளப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் ஊசிக்குப் பிறகும் நோய் வந்தவர்களின் டியூபை எடுப்பார்கள். நோய் வராதவர்களில் அதே எண்ணிக்கையைக் குலுக்கிப் பொறுக்குவார்கள். இரண்டு வகை டியூப்களையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றிலும் நோயை எதிர்க்கும் ஆன்டிபாடி எவ்வளவு என்று அளப்பார்கள். எது எந்த வகை என்று அளப்பவர்களுக்கும் தெரியாது, சராசரிக்கும் தெரியாது. அந்த விவரம் கடைசி வரை பூட்டில் இருக்கும். முதல் சுற்றில் வந்ததுதான் அந்தக் கோடு: ஆன்டிபாடி ஏற ஏற, நோய் வரும் வாய்ப்பு இறங்கியது. இப்போது இரண்டாம் சுற்று.

ஃப்ரீசர் அக்காவுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு டியூபையும் கையில் எடுத்ததும் அதைப் பார்த்து, "நல்லா இருக்கியா?" என்று கேட்பாள். வேடிக்கைக்கு இல்லை, நிஜமாகவே கேட்பாள். சராசரிக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. "ஜலதோஷம்னு சொல்லுச்சுன்னா மூக்கு தொடச்சு விடுவீங்களாக்கா?" என்பான். கூட்டங்களில் ஸ்டேப்ளரைக் கையில் ஏந்தி, "நல்லா இருக்கியா?" என்று உருகுவான். மொத்த அறையும் சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள், கொஞ்சம் தாமதமாக.

அன்று டியூப் எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் மக்கர் பண்ணியது. ஒருவர் எண்ணை வாசிக்க, இன்னொருவர் கணினியில் தட்டவேண்டியிருந்தது. "சும்மாதானே சுத்துற, வந்து வாசி," என்று அக்கா அவனை இழுத்துவந்தாள். டியூபின் எண்ணை அவன் பார்ப்பது அதுதான் முதல்முறை. அவன் கணினிக்கு வருவது மாற்றிய எண்.

ரயில்நிலைய அறிவிப்பு மாதிரி மூக்கால் வாசித்துக்கொண்டே போனான். "இரண்டு, பூஜ்யம், எட்டு..." என்றவன் நின்றான்.

"எட்டு? அப்புறம்?" என்றாள் அக்கா.

"ஆறு."

அது அவன் தங்கையின் எண். காய்ச்சல் வார்டில் நர்ஸ். இவன் நச்சரிப்பு தாங்காமல்தான் சோதனையில் சேர்ந்தாள். சேர்ந்த அன்று அட்டையை இவன் மூக்குக்கு நேரே ஆட்டி, "அண்ணா, இனிமே நான் உன் புள்ளி. அழிச்சுகிழிச்சுடாத," என்றாள். அட்டையில் உள்ள எண்ணை அவன் பார்க்கக் கூடாது என்பது விதி. பார்த்த எண்ணை மறப்பது அவன் பிறவியிலேயே கிடையாது.

தாங்கியில் இருந்தவர்களில் பாதி நோய் வந்தவர்கள், பாதி குலுக்கலில் வந்தவர்கள். அந்தப் பங்கீட்டை முடிவு செய்ததே அவன்தான். "பாதிக்குப் பாதி, பாக்கவே அழகா இருக்கு," என்று வாதாடி ஜெயித்திருந்தான். இப்போது அவள் எந்தப் பாதி?

நடைவழிக்கு வந்து போன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். போன வாரம் அவள் அனுப்பியதுதான் கடைசிச் செய்தி: "தொண்டை கரகரங்குது. வார்டு ஏசி. நீ உன் வேலையப் பாரு." அதற்குப் பிறகு, டியூட்டி அதிகம் என்று ஹாஸ்டலிலேயே தங்கிவிட்டாள். முன்பு ஒருமுறை கையை உடைத்துக்கொண்டபோது, மாவுக்கட்டைப் பிரித்த பிறகு வீட்டில் சொன்னவள் அவள்.

பூட்டைத் திறக்கச் சொன்னால் அவள் எந்த வகை என்று தெரிந்துவிடும். திறந்தால் அத்தனை பேர் கொடுத்த ரத்தமும் வீண், அவளுடையதும் சேர்த்து. சுவரில் அவனே ஒட்டிய கோடு இருந்தது. இடமிருந்து வலமாக இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது, ஓரிடத்திலும் பூஜ்யம் என்ற தரையைத் தொடவில்லை. அது அவனுக்கு முன்பே தெரியும். பயந்ததுதான் இல்லை.

திரும்பி வந்தபோது அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன தம்பி, மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

"குளிருதுக்கா." வெள்ளை அங்கியின் பொத்தானைத் திருகினான். "இன்னிக்கு இதுங்கள்ட்ட கேட்டீங்களா?"

"எத?"

"அதான், எப்பவும் கேப்பீங்களே."

அக்கா கையுறையைக் கழற்றினாள். "நீ பக்கத்துல நிக்கறப்ப எப்படிக் கேக்குறது? ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்ப. இன்னிக்கு விட்டுட்டேன்." வேறு ஸ்கேனர் கிடைக்குமா என்று பார்க்கப் போனாள்.

தாங்கியில் டியூப்கள் வெள்ளை பூத்து நின்றன. ஒன்றை மட்டும் விசாரித்தால் எது யாருடையது என்று வெளியே தெரிந்துவிடும். அது விதிமீறல். எனவே அவன் முதல் டியூபிலிருந்து ஆரம்பித்தான்.

"நல்லா இருக்கியா?"

அடுத்தது. அதற்கடுத்தது. அவளுடையது நெருங்க நெருங்கக் குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. சட்டைப்பையில் போன் அசையவில்லை. அவள் முறை வந்தபோது, கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தான்.

பிறகு பக்கத்து டியூபையும் கேட்டான்.