கடைசி டிவிடி சுற்றும்போது எழுதக் கூடாத கதை

1

இதுவும் போச்சு. பாதிக்கு மேல் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்த டிவிடி திடீரென்று முனகலைக் குறைத்தது, திணறியது, நின்றது. தட்டு தானாக வெளியே நீண்டது, டாக்டர் கேட்டதும் நாக்கை நீட்டுகிற நோயாளி மாதிரி. திரையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. எழுத முடியவில்லையாம். ஏன் என்று சொல்லாது.

இது மூன்றாவது. அவசரமாக அடிக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நேரம் முன்னால், இந்த மூன்றாவது டிவிடி ஓட ஆரம்பித்த உடனே, அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு நான். என்ன பண்றே என்று கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கதை எழுதறேன்மா. ஸ்கூல் மலருக்கு."

"நீயா?" அம்மா டம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "காலைல எனக்குக் காட்டு. அந்த கான்ட்ராக்டர் வர்றதுக்குள்ள படிச்சிடறேன்."

போய்ப் படுத்துவிட்டாள். இப்போது விடிவதற்குள் எனக்கு ஒரு டிவிடியும் வேண்டும், ஒரு கதையும் வேண்டும்.

2

அம்மா போனதும் பயத்தில் நான் அடித்துப் பார்த்த தொடக்கங்கள்:

ஒரு வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு ஒரு நாள் (வேண்டாம். எனக்கு ஆறு வயதில்லை.)

அன்று மாலை அம்மாவின் கம்ப்யூட்டர் தானாகவே (பொய். தானாக எதுவும் ஆகவில்லை.)

அவள் அந்தப் பொத்தானை அழுத்தியபோது ("அவள்" யார்? நான்தானே.)

சரி. நடந்தது இதுதான். அம்மா கட்டட வரைபடம் வரைகிறவள். ஓர் அலுவலகத்தில் நிறைய வருஷம் வரைந்தாள். ஆள் குறைத்தபோது அவளையும் குறைத்துவிட்டார்கள். இப்போது வீட்டிலிருந்தே வரைகிறாள். அவள் பெயர் மட்டும் போட்டு வெளியே போகிற முதல் வரைபடம் ஒரு சின்ன மருத்துவமனையின் மாடிப்படி. நாளைக் காலை கான்ட்ராக்டர் வந்து வாங்கிக்கொண்டு நேரே வேலை நடக்கிற இடத்துக்குப் போகிறார். படிகளை நேற்றுத்தான் முழுக்க மாற்றி வரைந்தாள். அது ஹாலில் இருக்கிற அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது.

அந்தக் கம்ப்யூட்டரை நான் எழுந்திருக்க விடாமல் செய்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். ஒரு விளையாட்டுப் போட இடம் போதவில்லை. இந்த லேப்டாப்பில் எப்போதுமே இடம் கிடையாது. அம்மாவுடையதில் தேடினால், ஹார்ட் டிஸ்க்கில் ஓரமாக ஒரு சின்னத் துண்டு தனியாகப் பிரித்து வைத்திருந்தது. பெயர் இல்லை. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. சும்மாதானே கிடக்கிறது என்று அழித்தேன். காலையில் எப்படிக் கண் விழிப்பது என்று கம்ப்யூட்டர் எழுதிவைத்திருப்பது அந்தத் துண்டில்தானாம்.* வரைபடம் உள்ளேயேதான் இருக்கிறது. கதவுதான் இல்லை.

(* இதைச் சொன்னது திருகாணி. என் வகுப்பு. பென்சில் பெட்டியில் பென்சிலுக்குப் பதிலாக ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பவள், அதனால் அந்தப் பெயர்.)

போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு அவளோடு போனில் பேசினேன். பழுதுபார்க்கிற டிஸ்க் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி, டிவிடியில் பர்ன் பண்ணி, அம்மாவின் கம்ப்யூட்டரில் போட்டால் அது அந்தத் துண்டைத் திரும்பக் கட்டிக் கொடுக்கும் என்றாள். பென்டிரைவிலேயே போடலாமே என்றேன். அந்தக் கிழட்டு மெஷின் பென்டிரைவிலிருந்து எழுந்திருக்காது என்றாள். போட்டுப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை.

அம்மா வரைபடங்களைக் கொடுத்தனுப்ப வைத்திருக்கும் காலி டிவிடி டப்பாவை எடுத்துக்கொண்டேன். முதல் டிவிடி எந்தப் பிரச்சினையும் இல்லாமல் முடிந்தது. அம்மாவின் கம்ப்யூட்டர்தான் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"டிஸ்க்கைத் தொறந்து பாருடி. உள்ள என்ன இருக்கு?"

"ஒரே ஒரு ஃபைல். நான் டவுன்லோட் பண்ணதேதான்."

"அறிவே. பார்சலைப் பிரிக்காம அப்படியே உள்ள தூக்கி வச்சிருக்கே. அந்த மாதிரி பார்சலுக்கு இமேஜ்னு பேரு. அதைப் பிரிச்சு பர்ன் பண்றதுக்குத் தனியா ஒரு பட்டன் இருக்கும், பாரு."

இருந்தது. அதை அழுத்தினேன். இரண்டாவது டிவிடி பாதியில் செத்தது.

"என்ன வேகத்துல விட்டே?"

"இருக்கறதுலயே அதிகமா."

"ஏன், பஸ்ஸைப் பிடிக்கணுமா? இருக்கறதுலயே கம்மியா வை."

இறக்கிய ஃபைலே அரைகுறையாக வந்திருக்குமோ என்றும் ஒரு சந்தேகம். ஒவ்வொரு ஃபைலுக்கும் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான வரிசை உண்டு. தளத்தில் போட்டிருப்பதும் நம்மிடம் வருவதும் ஒன்றாக இருந்தால் ஃபைல் முழுசு. நான் கிசுகிசுவென்று வாசிக்க, அவள் தன் திரையில் சரிபார்த்தாள். கடைசி எழுத்து வரை ஒத்துப்போனது.

வேகத்தைக் குறைத்து மூன்றாவதைப் போட்டேன். மீதி உங்களுக்குத் தெரியும்.

3

நான்காவது டிவிடி இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு முடிந்தது என்று திரையில் நகர்கிற பச்சைக் கோட்டைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தால் பைத்தியம் பிடிக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

திருகாணியைப் பற்றி ஒரு சந்தேகம். மேலே படித்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்தவளாக இருக்கிறாள். உண்மையில் அவள் நடுநடுவே கொட்டாவி விட்டாள், ரெண்டு தடவை தப்பாகச் சொல்லிவிட்டு "சும்மா சொன்னேன்" என்றாள். அதையெல்லாம் வெட்டிவிட்டேன். கதையிலாவது ஒரு ஆளுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கட்டும். இப்போது போன் எடுக்கவில்லை. தூங்கிவிட்டாள் போல.

அம்மா பாத்திரம் இன்னும் கஷ்டம். முதலில் இப்படி எழுதினேன்: அம்மா கண்கள் சிவக்க, "என் உழைப்பையெல்லாம் மண்ணாக்கிவிட்டாயே" என்று (யார் இது? இப்படிப் பேசுகிற யாரையும் எனக்குத் தெரியாது.)

அம்மா கத்த மாட்டாள். கத்தினால் எவ்வளவோ நன்றாக இருக்கும். அலுவலகத்தில் வேண்டாம் என்று சொன்ன அன்று அம்மா வீட்டுக்கு வந்து, பையை வைத்துவிட்டு, அளக்கிற டேப்பை எடுத்து ஹால் சுவரை அளந்தாள். பிறகு ஜன்னலை. பிறகு அலமாரியை. எதற்கு என்று கேட்டேன். "சும்மா, சரியா இருக்கான்னு பாக்கறேன்" என்றாள். சாப்பிடவில்லை. டேப் திரும்பச் சுருண்டு உள்ளே போகிற அந்தச் சர்ர்ர் சத்தம் ராத்திரி வரைக்கும் கேட்டது.

எனக்குத் திட்டு பயமில்லை. எனக்கு அந்தச் சத்தம்தான் பயம். நாளைக்கு என்னால் அது மறுபடியும்

4

போச்சு.

அந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. அது எங்கே நின்றதோ அங்கேயே நிற்கட்டும், ஏனென்றால் நான்காவது டிவிடி நின்ற இடமும் அதுதான்.

சேமிக்கிற பட்டனை அழுத்தினேன். பென்டிரைவில் விளக்கு மின்னியது. டிவிடியின் முனகல் சட்டென்று இறங்கியது. அடுத்த நொடி நாக்கை நீட்டிவிட்டது.

கொஞ்ச நேரம் பென்டிரைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். லேப்டாப்பில் இடம் இல்லாததால் இறக்கிய ஃபைலும் அதில்தான் இருக்கிறது. இந்தக் கதையையும் அதில்தான் சேமிக்கிறேன். டிவிடி எழுதும்போது அதற்கு நிற்காமல் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நான் ஒவ்வொரு பத்திக்கும் சேமிக்கச் சொன்னபோதெல்லாம் அந்த நோஞ்சான் பென்டிரைவ் ஊட்டுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பியிருக்கிறது. மூன்றாவது, அந்த மூன்று அசட்டுத் தொடக்கங்களால் செத்தது. நான்காவது, அம்மாவின் டேப்பை எழுதியதால் செத்தது.

(அப்படித்தானா என்று நிச்சயமாகத் தெரியாது. டிவிடியே மட்டமானதாக இருக்கலாம். ஆனால் உள்ளுக்குள் தெரிகிறது.)

பொய்யை மறைக்க எழுதின கதை, தப்பைச் சரிசெய்ய விடவில்லை.

5

டப்பாவில் ஒரே ஒரு டிவிடி பாக்கி. துணியால் துடைத்துத் தட்டில் வைத்துவிட்டேன். வேகம் குறைவாகவே இருக்கிறது. இமேஜைத்தான் பர்ன் பண்ணுகிறேன், பார்சலை அல்ல. எல்லாம் தயார். பட்டனை மட்டும் அழுத்தவில்லை. அழுத்தினால் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும். அதனால் முடிவுகளை இப்போதே எழுதிப் பார்க்கிறேன்.

டிவிடி முழுசாக முடிகிறது. அம்மாவின் கம்ப்யூட்டர் அதைப் படிக்கிறது, துண்டைத் திரும்பக் கட்டுகிறது, எழுந்திருக்கிறது. கான்ட்ராக்டர் வரைபடத்தை வாங்கிக்கொண்டு போகிறார். யாருக்கும் எதுவும் தெரியாது. (நல்ல முடிவு. ஆனால் இதில் எங்கோ ஓட்டை இருக்கிறது.)

டிவிடி கெட்டுப்போகிறது. அம்மா எழுந்து வந்து பட்டனைத் தட்டுகிறாள், கறுப்புத் திரையைப் பார்க்கிறாள். பிறகு அலமாரியைத் திறந்து அந்த டேப்பை (இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.)

இன்னொன்று: நான் இப்போதே உள்ளே போய் அம்மாவை எழுப்புகிறேன். (இதை ராத்திரி முழுக்க யோசித்துவிட்டேன். அறை வாசல் வரை ஒரு தடவை போயும் வந்தேன். தூங்கும்போது அம்மா ஒரு கையைக் கன்னத்துக்கடியில் வைத்திருந்தாள். திரும்பிவிட்டேன்.)

அந்த ஓட்டை எது என்று இப்போதுதான் தெரிகிறது. டிவிடி முடிந்துவிட்டால்கூட அம்மா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "எங்கே கதை?" என்று கேட்பாள். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். வேறு எழுத நேரம் இல்லை. டிவிடி கெட்டால் இதைக் கொடுப்பது சுலபம், எப்படியும் தெரியத்தானே போகிறது. முடிந்துவிட்டால்தான் கஷ்டம்.

இதுவரை "நீங்கள்" என்று யாரையோ கூப்பிட்டு எழுதிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் இல்லை அம்மா. படிக்கப் போவது நீதான். அல்லது யாருமே இல்லை.

கடைசியாக ஒரு தடவை சேமிக்கிறேன். இதை மூடிவிட்டுப் பட்டனை அழுத்திவிடுவேன். அப்புறம் விரலைக்கூட அசைக்க மாட்டேன்.

அம்மா, எல்லாம் சரியாகி, கம்ப்யூட்டர் எப்போதும் போல எழுந்துவிட்டால், நீ கேட்கும்போது நான் இதை உன்னிடம் கொடுப்பேனா?