பிரித்த மஞ்சள் நூல்

கல்முனை வெயிலில் உட்கார்ந்து கம்பளி பின்னும் பைத்தியங்கள் என்று எங்கள் வீட்டு ஆண்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். சனிக்கிழமைகளில் அஸர் தொழுதுவிட்டு எங்களில் மூத்த றாஹிலா ராத்தாவின் வீட்டு ஹோலில் கூடுவோம். ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்பி பின்னுவதுதான் வேலை. நல்ல நூல் இங்கே லேசில் கிடைக்காது. பழைய உடுப்புக் கடையில் வெளிநாட்டு சுவெட்டர்களை வாங்கி, பிரித்து, உருட்டி வைப்போம். பிரிப்பதில் எங்களை விட்டால் ஆளில்லை.

எங்களில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சியானால் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு சதுரம் பின்னுவோம். நடுச் சதுரம் தாயுடையது. எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துப் போர்வையாக்கி அவள் கையில் கொடுப்போம். அதற்கு மட்டும் பழைய நூல் ஆகாது.

எத்தனையோ வருடம் காத்திருந்து என் முறை வந்தது. பாண்டிருப்பிலிருந்து வரும் யசோதினி எனக்காகக் கொழும்பிலிருந்து மஞ்சள் நூல் எடுப்பித்தாள். நடுச் சதுரத்தை நான் பின்னிப் பின்னிப் பிரித்தேன். ஒரு வரிகூடக் கோணக்கூடாது என்று அப்படி ஒரு பிடிவாதம். ஒருவழியாக எல்லாச் சதுரமும் சேர்ந்து, போர்வை என் அலுமாரிக்கு வந்தது.

பிள்ளை வயிற்றிலேயே மௌத்தாகிவிட்டது. என்னை மயக்கித்தான் எடுத்தார்கள். நான் கண் விழிக்கும்போது குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, மையவாடியில் அடக்கியும் விட்டார்கள். பொம்பிளைப் பிள்ளை என்று மட்டும் சொன்னார்கள். எங்கள் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஒரு படம் எடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. என் கணவர் நிப்றாஸ்தான் கையில் ஏந்திக்கொண்டு போனாராம். எப்படி இருந்தாள் என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அலுமாரியில் போர்வை இல்லை.

“றாஹிலா ராத்தாட்ட குடுத்து வெச்சிருக்கு. மனசு ஆறட்டும், பொறகு எடுக்கலாம்,” என்றார் நிப்றாஸ்.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்ததும் முதல் வேலையாகப் போர்வையை வாங்கி வர ஒரு சனிக்கிழமை ராத்தா வீட்டுக்குப் போனேன். எல்லோரும் விலகி இடம் தந்தார்கள். தேத்தண்ணி தந்தார்கள். மழையைப் பற்றிக் கதைத்தார்கள். பிள்ளையைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

எங்களோடு பின்னும் மேனுஜாவின் மடியில் பாதித் தொப்பி கிடந்தது. மஞ்சள். பக்கத்தில் நூலுருண்டை. புது நூல் நேராக ஓடும். பிரித்த நூலை எத்தனை தரம் நனைத்துக் காயப்போட்டாலும் சுருள் போகாது. இந்த நூல் சுருண்டிருந்தது.

“இது எங்க எடுத்த நூல், மேனுஜா?”

அவள் றாஹிலா ராத்தாவைப் பார்த்தாள்.

“கோவிக்காத சிபானா,” என்றார் ராத்தா. “நிப்றாஸ் தம்பிதான் கொண்டுவந்து தந்தாரு. நீ கண்டா தாங்கமாட்டாய், பிரிச்சிருங்க எண்டாரு. ஆஸ்பத்திரிப் புள்ளையளுக்கு உதவினா உன்ட புள்ளைக்கும் நன்மைதானே எண்டு நாங்களும்...”

“நடுச் சதுரத்தையுமா?”

“ஓம் அக்கா,” என்றாள் யசோதினி. அவள் அழுதுகொண்டிருந்தாள். “நான்தான் ஏலாது எண்டு நிண்டன். கடைசில நானேதான் பிரிச்சன்.”

தொப்பிகள் பல ஏற்கெனவே போய்விட்டனவாம். என் மகளின் போர்வை யார் யாரோ பெற்ற பிள்ளைகளின் தலையில் இருந்தது. அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். அன்று எனக்கு அப்படி நினைக்க வரவில்லை. மேனுஜாவின் மடியிலிருந்ததைப் பிடுங்கி, கொக்கி ஊசியை உருவி எறிந்துவிட்டு, அவர்கள் கண்முன்னாலேயே கடைசிக் கண்ணி வரை இழுத்துப் பிரித்தேன். ஒருவரும் தடுக்கவில்லை.

அந்த நூலோடு வீட்டுக்கு வந்தபோது நிப்றாஸ் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நூலை அவர் காலடியில் போட்டேன்.

“மச்சான், நீங்க மட்டும்தான் புள்ளையக் கண்டீங்க. எனக்கு இருந்தது அந்தப் போர்வ ஒண்டுதான். அதையும் இல்லாமலாக்கிட்டீங்களே!”

“நீ தாங்கமாட்டாய் எண்டுதான்...”

“ஆருக்குத் தாங்க ஏலாது? எனக்கா, உங்களுக்கா?”

அவர் குந்தியிருந்து நூலைப் பொறுக்கினார். நெடுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நுனியை இடது கையில் பிடித்து, வலது கையால் மெல்ல இழுத்தார். கொஞ்சம் கூட்டினார், கொஞ்சம் குறைத்தார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

“புள்ள இவ்வளவு நீளம்,” என்றார். “தலை நெறைய முடி. மூக்கு உன்ட மூக்கு.”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அவர் அழுது நான் கண்டது அன்றுதான். கை தளர்ந்துவிட்டது. பிரித்த நூல்தானே, விட்டதும் சுருங்கிப் பாதியாகப் போனது.

“இன்னொருக்கா இழுத்துப் புடிங்க மச்சான்,” என்றேன்.