மூடி இறுக்கமாத்தான் இருந்துச்சு

என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். அரிகிருஷ்ணன் கை வைத்தால் செத்த எஞ்சினும் எழுந்து ஓடும் என்று எங்கள் உப்பளம் பகுதி முழுக்கப் பேர் வாங்கியவன் நான். அந்தப் பேரை எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதத்தில் நானே குடித்துத் தீர்த்தேன்.

அப்போது டீசலுக்கு மாற்று தேடும் ஒரு சோதனைக்கூடத்தில் ஃபிட்டராக இருந்தேன். கமலவேணி அங்கே தற்காலிக வேலையில் இருந்த கெமிஸ்ட்ரி படித்த பெண். புங்க எண்ணெயைப் பக்குவம் செய்து டீசல் போல இளக்கி, அதில் சுத்தமான ஸ்பிரிட்டைக் கலந்து எஞ்சினை ஓட வைத்தாள். அதிகாரிகள் வந்து பார்க்கும்போதும் ஓடினால் வேலை நிரந்தரம். நின்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். "நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்ண்ணே?" என்று ஸ்பிரிட் பீரோவின் சாவியையே என்னிடம் கொடுத்துவைத்திருந்தாள்.

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். ஒரு வாரமாகச் சாயங்காலம் ஆனால் ஒரு டம்ளர் எடுப்பேன். எடுத்த அளவுக்கு டின்னில் தண்ணீரை ஊற்றிவிடுவேன். எங்கள் ஊர்ச் சாராயக் கடையில் நடக்காததா? குடிக்கிறவனுக்கே தெரியாது, எஞ்சினுக்கா தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

அதிகாரிகள் வரும் நாள் காலையில் அவள் கலந்துவிட்டுக் கண்ணாடிக் குடுவையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னண்ணே இது, மோர் மாதிரி கலங்குது? தண்ணி பட்டாத்தான் இப்படி ஆவும். டின்னு மூடி தொறந்து கெடந்துச்சா?"

அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"மூடி இறுக்கமாத்தான் இருந்துச்சும்மா. பனி பெய்யுதில்ல? வெயில் ஏறுனா தெளிஞ்சிடும்," என்றேன். எஞ்சினோடு நரைத்தவன் சொல்கிறான் என்று நம்பிவிட்டாள்.

பத்து மணிக்கு எஞ்சினைக் கிளப்பினேன். நாலு தரம் இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, நின்றேபோனது. குடுவையைப் பார்த்தால் எண்ணெய் தனியாக, ஸ்பிரிட் தனியாக இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

"புங்க எண்ணெய் வெளக்கு ஏத்தத்தாம்மா லாயக்கு," என்றார் ஒரு அதிகாரி. கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"நான்தான் சார் அளவுல தப்புப் பண்ணிட்டேன் போல," என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்?

அவர்களுடைய ஜீப் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது, தூ! அவள் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. தன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு டின்னை இழுத்து என் முன்னால் வைத்தாள். சீல் உடைக்காத ஸ்பிரிட்.

"காலையிலயே கேட்டனே. அப்பச் சொல்லியிருந்தா இத ஒடச்சிப் புதுசாக் கலந்திருப்பேன். பத்து நிமிஷ வேலை, ஃபிட்டர்."

அதற்கு முன் ஒரு நாளும் அவள் என்னை ஃபிட்டர் என்று கூப்பிட்டதில்லை.