நாலாம் நம்பர் மெஷின்

"வெள்ளிக்கிழமை வந்தா போதும், உனக்குக் காது முழ நீளம் ஆயிடுது," என்றாள் மிர்த்தா, உலர்த்தும் மெஷினிலிருந்து சூடான விரிப்புகளை இழுத்துப் போட்டபடி. "இன்னிக்கு யாரு? பாடுறவனா, அழறவனா?"

"இன்னிக்கு நான்தான் அக்கா அனுப்பறேன். தனிலோ கேக்கணும்."

"அவன் கேக்காம என்ன? அந்த ஊர்ல அவனுக்கு வேற வேலை என்ன இருக்கு?"

யாமிலா செல்போனை எடுத்து மணி பார்த்தாள். இன்னொரு கையிலிருந்த மத்தே தேநீர் ஆறிப்போயிருந்தது. வெளியே மூன்று நாளாக விடாத தூறல். ஜூலையில் குளிர்காலம் வந்தால் மொந்தேவிதேயோ நகரத்தில் எந்த வீட்டிலும் துணி காயாது. மிர்த்தாவும் யாமிலாவும் வேலை பார்க்கும் இந்தச் சலவைக்கடையில் வரிசை நிற்கும்.

வெள்ளிக்கிழமை புதுப் பாட்டுகள் வெளியாகிற நாள். பெரிய கம்பெனிகளின் பாட்டு இல்லை. படுக்கையறையிலும் கார் கொட்டகையிலும் பதிவு செய்து, யாரையும் கேட்காமல் தாங்களே இணையத்தில் ஏற்றிவிடுகிறவர்களின் பாட்டு. ஒன்பது வருஷம், நண்பன் தனிலோ வேலை முடிந்ததும் நேராக இந்தக் கடைக்குத்தான் வருவான். நாலாம் நம்பர் மெஷினுக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் இரண்டு பேரும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். ஒரு பாட்டை மூன்று தடவை கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாது. அது அவர்கள் போட்டுக்கொண்ட சட்டம்.

அந்த மெஷின் சுற்றும்போது உள்ளே ஏதோ தேய்ந்துபோய் ஒரு நொண்டல் விழும். டக், டக், டக், அப்புறம் தாமதமாக ஒரு டக்.

"இந்த எருமை என் பாட்டைக் கெடுக்குது," என்று தனிலோ அதை உதைப்பான். "நாலாவது அடியில காலை இழுக்குது பாரு. குடிச்சிட்டு ட்ரம்ஸ் வாசிக்கிறவன் மாதிரி."

"அது துணி துவைக்க வந்த மெஷின்டா. உன் கச்சேரிக்கா வந்துச்சு?"

மூன்று வருஷத்துக்கு முன் அவன் பார்சிலோனாவுக்குப் போய்விட்டான். அங்கே போய்ப் புதுப் பாட்டுகளைச் சிபாரிசு செய்ய ஒரு பக்கம் தொடங்கினான். இப்போது அதைப் பதினாலாயிரம் பேர் தொடர்கிறார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறியதில்லை. இவள் ஒன்று அனுப்புவாள், அவன் ஒன்று அனுப்புவான்.

இன்று அவள் அனுப்பப்போகும் பாட்டு அவளே செய்தது. ஆறு மாதமாகச் செய்தது. அவள் குரல், கூடப்பிறந்த அக்கா மகளின் சின்ன கீபோர்டு, தாளத்துக்கு நாலாம் நம்பர் மெஷின். செல்போனை அதன் தலையில் வைத்துப் பதிவு செய்திருந்தாள். தோழி என்று தாட்சண்யம் பார்த்துவிடுவானோ என்று பயந்து, 'ஈரப் போர்வை' என்று இல்லாத ஒரு குழுவின் பேரைப் போட்டாள். நன்றாக இல்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்கிற ஆள் உலகத்தில் அவன் ஒருவன்தான். அவன் நன்றாக இருக்கிறது என்றால் அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்கே திறந்துவிடுவது, இல்லையென்றால் அழித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

இன்னொரு ஆசையும் இருந்தது. எட்டாவது விநாடியில் அந்த நொண்டல் வரும். அவன் கண்டுபிடித்துவிடுவான்.

பன்னிரண்டு மணிக்கு, சுட்டி கையில் இருப்பவருக்கு மட்டும் பாட்டு திறக்கும்படி வைத்து, அதை அவனுக்கு அனுப்பினாள். "புதுசு. மூணு தடவை. அப்புறம் பேசு."

பாட்டு நாலு நிமிஷம் பத்து விநாடி. பதில் ஒரு நிமிஷத்துக்குள் வந்துவிட்டது. அவன் குரல், பின்னால் வண்டிச் சத்தம்.

"ஐயோ யாமி, கொன்னுட்டாங்கடி! அந்த பேஸ் கிதார் இருக்கே, தரையே அதிருது. எங்கேருந்துதான் புடிக்கிறியோ! இன்னிக்கே என் பக்கத்துல போட்டுடறேன்."

பாட்டில் பேஸ் கிதாரே கிடையாது.

யாமிலா பாட்டு இருந்த பக்கத்தைத் திறந்தாள். எத்தனை முறை கேட்கப்பட்டது என்ற கணக்கு அங்கே தெரியும். அவள் கேட்பது அதில் சேராது. பூஜ்யம் என்றிருந்தது. மூடித் திறந்தாள். பூஜ்யம்தான்.

"எத்தனை தடவை கேட்டே?" என்று எழுதினாள்.

"மூணுடி. சட்டம்னா சட்டம்."

"எந்த இடம் பிடிச்சுது?"

"முடிவு. அந்த முடிவு தனி. சரி, ஓடறேன். வெள்ளிக்கிழமைன்னா அம்பது அறுபது பாட்டு வந்து குவியுதுடி, மூச்சு விட முடியல."

அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏண்டி மூஞ்சி தொங்கிப்போச்சு?" என்றாள் மிர்த்தா. "திட்டிட்டானா?"

"இல்லக்கா. நல்லாருக்காம்."

"அதுக்கா இந்த மூஞ்சி? குடு அந்தக் காதை."

மிர்த்தா இதுவரை இவர்கள் பாட்டு ஒன்றையும் முழுசாகக் கேட்டதில்லை. இவர்கள் கேட்பதெல்லாம் அவளுக்குப் பல் வலிக்காரர்களின் முனகல். யாமிலா இயர்போனை மிர்த்தாவின் செல்போனில் செருகி, அதிலேயே சுட்டியைத் திறந்து கொடுத்தாள். மிர்த்தா மாட்டிக்கொண்டு, விரிப்பை மடிக்கத் தொடங்கினாள். சற்று நேரத்தில் கை நின்றது. தலையைத் திருப்பி நாலாம் நம்பர் மெஷினைப் பார்த்தாள்.

"இது நம்ம நொண்டிதானே?"

யாமிலா தலையாட்டினாள். மிர்த்தா விரிப்பை மார்போடு பிடித்தபடி கடைசிவரை நின்றாள். கடைசியில் பாட்டு ஓய்ந்ததும் தூரத்தில் ஒரு பெண் கத்துகிறாள்: "மூடப் போறோம், துணியை எடுங்க!" ஒன்பது வருஷம் அவர்கள் இருவரையும் பெஞ்சிலிருந்து கிளப்பிய குரல்.

"திருட்டுக் கழுதை! என் தொண்டையையுமா எடுத்துப் போட்டே?"

"எப்படியிருக்கு அக்கா?"

"நடுவுல நீ பாடறது இழுவை. எழவு வீடு மாதிரி. மெஷின் நல்லாருக்கு." காதிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். "அவன் என் குரலைக் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லல."

 மிர்த்தா கேட்காமலே மத்தேக்கு வெந்நீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள்.

கணக்கில் இப்போது ஒன்று என்றிருந்தது. யாமிலா அதைப் பார்த்துக்கொண்டே பாட்டை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

சாயங்காலம் தனிலோ சொன்னபடி போட்டிருந்தான். 'இந்த வாரத்தின் கண்டுபிடிப்பு: ஈரப் போர்வை. மூன்று முறை கேட்டேன். அந்த பேஸ் கிதாருக்காகவே கேளுங்கள்.' கீழே சுட்டி. அதைத் தட்டினால் 'இந்தப் பாட்டு இங்கே இல்லை' என்று வந்தது. கடை மூடுவதற்குள் முந்நூறு இதயங்கள் விழுந்திருந்தன. 'என்ன ஒரு குரல்!' என்று ஒருவர். 'காலையிலிருந்து இதேதான் ஓடுகிறது' என்று இன்னொருவர்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். சுட்டி திறக்கவில்லை என்று ஒருவர், ஒரே ஒருவர், எழுதமாட்டாரா என்று பார்த்தாள். இதயங்கள் எழுநூறைத் தாண்டின.

திங்கட்கிழமை மெக்கானிக் வந்து நாலாம் நம்பரைப் பிரித்து, தேய்ந்த பேரிங்கை மாற்றிவிட்டுப் போனான்.

அடுத்த வெள்ளிக்கிழமை தனிலோவிடமிருந்து பாட்டு வந்தது. கொர்தோபாவில் இரண்டு பெண்கள், ஒரு அக்கார்டியன். "அழுதுடுவே," என்று எழுதியிருந்தான். யாமிலா பெஞ்சில் போய் உட்கார்ந்து ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டாள். ஒரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை முடிந்த பிறகு எழுதினாள்:

"கேட்டேன். ரெண்டாவது பொண்ணு உள்ள வர்ற இடம் ரொம்ப நல்லாருக்கு. ஆனா அங்கேருந்து அவசரப்பட்டுட்டாங்க. முடிவு ஒட்டல. உனக்கும் அப்படித் தோணுச்சா?"

உடனே ஒரு இதயம் வந்தது. அவள் காத்திருந்தாள். வேறெதுவும் வரவில்லை.

"என்ன சொல்றான்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் மிர்த்தா.

"ஒண்ணும் சொல்லலக்கா."

எதிரே நாலாம் நம்பர் யாருடைய போர்வைகளையோ சுற்றிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல்.