முனைவர் போட்ட எச்சம்

உயர்கல்வி பெருகினால் நாட்டின் பொருளாதாரம் வளரும் என்று வருடக்கணக்கில் ஆராய்ந்து பட்டம் வாங்கியவர் அவர். நாடு வளர்ந்ததோ என்னவோ, அவர் இன்னும் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தும் விரிவுரையாளர்தான். மனைவி அவரை ‘முனைவர்’ என்றே கூப்பிடுவாள். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் சூத்திரம் அவர் ஆய்வில் இல்லை.

மகள் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். செல்போன் கடை ஒன்றில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது.

“இன்னிக்கு இன்டர்வியூல உங்களுக்கு நிரந்தர வேலை கிடைச்சா காலேஜ்ல சேர்றேன். இல்லன்னா கடைதான். உங்களப் பாத்துட்டு எப்படிப்பா நம்பிப் படிக்கறது?”

சான்றிதழ்க் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் பாடம் நடத்தும் கல்லூரியிலேயேதான் நேர்காணல். அதில் தனித்தமிழில் பேசி அசத்திவிடும் ஆசை அவரைப் பிடித்து ஆட்டியது. “நாட்டின் வளர்ச்சியில் உழைப்பையும் மூலதனத்தையும் கழித்தால் மிஞ்சுவது எச்சம். அந்த எச்சத்தைப் பெரும்பாலும் போடுவது படித்தவர்களே!” என்று முழங்கினார்.

தேர்வுக்குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க எவ்வளவு போட்டிருக்கீங்க?”

அறையே சிரித்தது. “அந்த எச்சம் இல்ல சார், இது வேற எச்சம்” என்று ஆரம்பித்தார். விளக்க விளக்க நாறியது. கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேலை வேறொருவருக்குப் போனது. நீங்கள் வழக்கம்போல வகுப்புக்கு வாருங்கள் என்று அன்போடு அனுப்பிவைத்தார்கள்.

வீட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மாவும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“அப்ப நான் கடைக்குப் போகட்டுமா?” என்றாள் மகள்.

நாற்பது நாட்டுப் புள்ளிவிவரம் தலையில் இருந்தது. “படிப்பு நாட்டுக்கு நல்லதுன்னு நிரூபிச்சுடுவேம்மா. உனக்கு நல்லதான்னு தெரியல” என்றார். இதைச் சொல்லவா இத்தனை வருடப் படிப்பு என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

“நாட்ட விடுங்கப்பா. படிச்சப்போ உங்களுக்கு சந்தோஷமா இருந்துச்சா?”

இந்தக் கேள்வியை எந்தக் குழுவும் அவரிடம் கேட்டதில்லை.

“ரொம்ப” என்றார். “லைப்ரரிய மூடறோம்னு விளக்க அணைப்பாங்க பாரு, அப்பகூட எழுந்திருக்க மனசு வராது.”

மகள் செல்போனைக் கையில் எடுத்தாள்.

“இத ஏம்ப்பா இத்தனை நாள் சொல்லவேயில்ல?” என்று கேட்டுவிட்டு, வேலைக்கு வரவில்லை என்று சொல்லக் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.